பதினான்காம் எண் சிடி

மெதுவாக, தம்பி. விளிம்பைப் பிடியுங்கள். நடுத் துளையில் ஒரு விரலைக் கொடுங்கள், பளபளப்பான பக்கத்தில் கை பட வேண்டாம். பாருங்கள், கெட்டுப்போன சிடியைப் படித்துக் கொடுப்பதே தொழிலாக இருக்கிற உங்களுக்கே சொல்லிக் கொடுக்கிறேன். வாய்ப் பழக்கம். எங்கள் சங்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓரத்தில் உரிந்திருக்கிறது, தெரிகிறதா? மீன் செதில் மாதிரி. உறையிலிருந்து எடுத்தபோது இரண்டு துணுக்கு என் விரலில் ஒட்டிக்கொண்டது. அதையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். தேவைப்படாது என்கிறீர்களா? இருக்கட்டும். எறிய மனம் வரவில்லை.

எல்லாம் கடல் காற்று. எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே. அங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்தால் கம்பி கையோடு வரும். அதோடு புதுச் செயலாளர் வேறு பீரோவை மேற்குச் சுவரோரம் தள்ளிப் போட்டார். மத்தியானத்துக்கு மேல் அந்தச் சுவர் கொதிக்கும். வேண்டாம் என்று சொன்னேன். "சிடிக்கு என்னம்மா வேர்க்கவா போவுது" என்று சிரித்தார். இப்போது பாருங்கள்.

கடைசியாக எப்போது முழுசாகப் படித்துப் பார்த்தீர்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நீங்கள் கருவியை மாட்டுங்கள். நான் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

இதில் அறுபத்தொரு படம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், திரையில் வந்ததும் நீங்கள் பதறக் கூடாது. அறுபத்தொன்றும் இறந்தவர்கள். சுனாமிக்கு மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர் முகத்துவாரத்தில் ஒதுங்கிக் கிடந்த பெண்களும் பிள்ளைகளும். யார் எவர் என்று சொல்ல ஆள் இல்லை. ஆள் வரும்வரை வைத்திருக்கவும் முடியாது. சவுக்குத் தோப்பில் குழி வெட்டினார்கள். இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொருவர் மேலும் எண் எழுதிய அட்டையை வைத்துப் படம் எடுத்தார்கள். என்றைக்காவது ஒருவர் தேடிக்கொண்டு வருவார், காட்டுவதற்கு முகமாவது இருக்கட்டும் என்று எங்கள் சங்கம் செய்த ஏற்பாடு. நாளுக்கும் இடத்துக்கும் ஒரு சிடியாக மொத்தம் இருபத்து மூன்று. அடுத்த வருஷமே, படங்களை ஏற்றி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் துருவேறிச் செத்துப்போயிற்று. இன்னொரு செட் அப்போதைய செயலாளர் வீட்டில் இருந்தது. அது அந்த ஐப்பசி வெள்ளத்தில் போயிற்று. ஆக, இருபத்து மூன்றும் ஒற்றைப் பிரதி. அதைக் காக்கிற வேலை எனக்கு வந்தது. நான் பி.ஏ. சரித்திரம். ஊரில் அப்போது பெண்களில் படித்தவள் என்றால் நான்தான். தமயந்தி டீச்சர் என்பார்கள். டீச்சராக ஒரு நாளும் இருந்ததில்லை.

ஓர் இன்ஜினீயர் வந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். சிடியைப் போட்டால் அவர் ஏற்றிக் கொடுத்த புரோகிராம் உள்ளிருந்து வெளி விளிம்புவரை படித்துக்கொண்டே வரும். திரையில் சின்னச் சின்னக் கட்டமாக விழும். பச்சை என்றால் நல்லது. மஞ்சள் என்றால் படிக்கச் சிரமப்படுகிறது, அன்றைக்கே புது சிடியில் நகல் எடுத்துவிட வேண்டும். சிவப்பு என்றால் நாம் தாமதித்துவிட்டோம். போகும்போது அவர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "கட்டத்தை மட்டும் நம்பாதீங்க, அம்மா. முதல் படம், நடுப் படம், கடைசிப் படம், மூணையும் திறந்து கண்ணால பாருங்க. கண்ணால பாத்தாத்தான் கணக்கு."

ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன்னால், பார்த்தேன். ஒரு வருஷம் தவறவில்லை. சிடியைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பேன். மீன் கூடையோடு போகிற பெண்கள் வெளியிலிருந்து குரல் கொடுப்பார்கள், "என்னாக்கா, தோசை வெந்துடுச்சா? இன்னொரு பக்கம் திருப்பிப் போடு." நானும் சிரிப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். அவர்கள் வீட்டு ஆட்களும்தானே அதில் இருக்கிறார்கள். சிரிக்காமல் அந்த ஜன்னலைக் கடக்க முடியாது என்று சிரித்தார்கள்.

பார்த்து முடித்ததும் பதிவேட்டில் தேதி போட்டு, எண்ணுக்கு நேரே "நலம்" என்று எழுதுவேன். சரி என்றுதான் எழுதச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் எண், நலம். ஒன்பதாம் எண், நலம். கடிதம் எழுதுகிற மாதிரி இருக்கும்.

என் வேலையில் குறை சொல்ல முடியாது, தம்பி. ஆறாம் எண்ணில் ஒருமுறை மஞ்சள் விழுந்தது. அன்றைக்கே நகல் எடுத்தேன். அடுத்த வருஷம் காரைக்காலிலிருந்து ஒருவர் வந்து அந்த ஆறாம் எண்ணில்தான் தன் தம்பியைக் கண்டுபிடித்தார். பத்தொன்பதையும் அப்படித்தான் காப்பாற்றினேன். மஞ்சளில் பிடித்துவிட்டால் ஒன்றும் போகாது. மஞ்சளில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஐப்பசியில் ஒருவர் வந்தார். பக்கிரிசாமி என்று பெயர், கீழ்வேளூர் பக்கத்து ஆள். இப்போதும் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறாரே, மஞ்சள் பையோடு, அவர்தான். மேலே வாருங்கள் என்றேன். கால் வரவில்லை என்றார்.

அவர் மனைவி வசந்தா. பனங்கிழங்கு வேகவைத்துக் கூடையில் கொண்டுபோய் விற்கிறவள். அந்த மார்கழியில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை. கூடையைத் தூக்கிக்கொண்டு, லீவுக் கூட்டம் இருக்கிற கடற்கரைப் பக்கம் போகிறேன் என்று சனிக்கிழமை கிளம்பியவள் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. மற்றவர்களெல்லாம் ஓடி ஓடித் தேடினார்கள். இவர் தேடவில்லை. ஏனென்றால் அவள் பஸ்ஸில் வேறொருவனோடு போனதைப் பார்த்தேன் என்று யாரோ ஒருவன் சொல்லிவிட்டான். கோபத்தில் இருக்கிற மனுஷனுக்கு அது போதுமானதாக இருந்தது. என் எதிரே உட்கார்ந்து அவர் சொன்னார், "ஓடிப்போனவள பொணத்துல ஏன் தேடணும்னு இருந்துட்டேம்மா. பன்னண்டு வருஷம் அவள வைஞ்சிகிட்டே சோறு தின்னுருக்கேன்."

அவர்களுக்கு ஒரே பெண், இளவரசி. அப்போது எட்டு வயது. ஓடிப்போனவள் மகள் என்ற பேச்சுக்குள்ளேயே வளர்ந்த பெண். இப்போது தை மாதம் அவளுக்குக் கல்யாணம். திருப்பூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு இந்த ஆடியில் ஊர் திரும்பிய ஒரு கிழவி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வசந்தாவைக் கூடையோடு மணலில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள், முகத்துவாரத்துப் பக்கம். அதிலிருந்து அந்தப் பெண் தகப்பனை உட்கார விடவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். "அம்மா பேருக்கு முன்னால அமரர்னு போடவா, திருமதின்னு போடவாப்பா? ரெண்டுல ஒண்ணுதானே நெசம்" என்று கேட்டிருக்கிறாள். பெயரையே விட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். பெயரை விட்டால் கல்யாணமே வேண்டாம் என்கிறாள் இவள்.

அடையாளம் என்ன என்று கேட்டேன். வலது முன்கையில் பச்சை குத்தியிருக்கும், என் பெயர் என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார், தம்பி. கல்யாணமான புதிதில் பக்கிரி என்று குத்தச் சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். "பக்கி"வரை குத்தியதும் வலி தாங்காமல் எழுந்து ஓடிவந்துவிட்டாளாம். ஊரே அவரைக் கேலி செய்ததாம், உன் பெண்டாட்டி கையிலேயே உன் லட்சணத்தை எழுதி வைத்திருக்கிறாள் என்று. சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முதல் எண்ணிலிருந்து காட்டினேன். இரண்டு நாள். ஒவ்வொரு படத்துக்கும் கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பதின்மூன்று முடிந்தது. நான் பதினைந்தை எடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். "பதினாலு எங்கம்மா?" என்றார். போட்டேன். உள்ளே சுற்றிச் சுற்றி முனகியது. நின்றது. மறுபடி முனகியது. பிறகு, சிடியைப் போடவும் என்று திரையில் வந்தது. உள்ளே இருக்கிற சிடியை வைத்துக்கொண்டே சிடியைப் போடு என்கிறது. மீதி ஒன்பதையும் பார்த்தார். இல்லை. "அப்ப அந்தப் பதினாலுலதான் இருக்கா" என்றார்.

மேஜைமேல் பதிவேடு திறந்து கிடந்தது. அதில் பதினாலுக்கு நேரே விரலை வைத்து, ஒவ்வொரு வருஷமாக வாய்விட்டுப் படித்தார். நலம். நலம். நலம். பன்னிரண்டு தடவை. "போன மாசம்கூட நலம்னுதானேம்மா போட்டிருக்கு" என்றார். குற்றமாகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார். சிடி அப்படித்தான், நன்றாக இருக்கும், ஒரே நாளில் போய்விடும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். மனுஷ உயிர் மாதிரி என்றார்.

என்ன கேட்டீர்கள்? ஒரே நாளில் போகாதா?

ஆமாம். போகாது. வருஷக்கணக்கில் மஞ்சளாகத்தான் வந்திருக்கும். உங்களிடம் அதை மறைக்க முடியாது. காரணம் வெயிலும் இல்லை, செயலாளரும் இல்லை. பீரோவை அவர் நகர்த்தியே எட்டு மாதம்தான் ஆகிறது.

பதினான்கை நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை, தம்பி. ஒரு தடவைகூட.

எனக்கும் ஒரு பெண் இருந்தாள். இருக்கிறாள். சுகிர்தா. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே விளையாடப் போனாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கலியபெருமாள், மீனவர் சொசைட்டியில் கிளார்க். மூன்று நாளும் அவர்தான் அலைந்தார். செவ்வாய்க்கிழமை முகத்துவாரத்தில் தூக்குவதற்கு ஆள் போதவில்லை என்று அவரும் நின்றார். போட்டோக்காரருக்கு எண் அட்டை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். சாயங்காலம் வந்தார். கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருந்தார், நிறுத்தவில்லை. நான் துண்டோடு நின்றேன். துண்டை வாங்கிக்கொண்டு சொன்னார், "நம்ம புள்ள அங்க இல்ல."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சொசைட்டியில் ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியாமல் எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினார் தெரியுமா? அங்கே இல்லை என்று அவர் சொன்னால் இல்லை. அப்படியானால் எங்கேயோ இருக்கிறாள். எத்தனை பிள்ளைகளை யார் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர் பெயர் சொல்லத் தெரியாமல் எங்கோ ஒரு வீட்டில் வளர்ந்திருப்பாள். இருபத்தொன்று முடிந்திருக்கும். இன்று வருகிற ரயிலில் எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், செங்கல்பட்டுவரை அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

முதல் வருஷம் நான் சரிபார்க்க உட்கார்ந்தபோது அவர் சங்கத்துக்கு வந்தார். பதினான்கை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இத நான் பாத்துக்கறேன். நீ மத்தத பாரு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் நின்று எடுத்த படங்கள், அவருக்கு ஒரு பிடிப்பு என்று நினைத்தேன். வருஷா வருஷம் அப்படித்தான். எடுத்துப் போவார், இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து வைப்பார். நன்றாக இருக்கிறது என்பார். நான் நலம் என்று எழுதுவேன். அவருக்குக் கம்ப்யூட்டரில் சுவிட்சைப் போடக்கூடத் தெரியாது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

ஒவ்வொரு மார்கழியிலும் செவ்வாய்க்கிழமை பார்த்துத் தோப்புக்குப் போவார். தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்க் குழி மேட்டில் வைத்துவிட்டு, மணலில் உட்கார்ந்திருப்பார். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாப் புள்ளைங்களுக்கும்தான்" என்றார். இளகிய மனசு. சுகிர்தாவுக்கும் தேன்மிட்டாய் என்றால் உயிர். எல்லாப் பிள்ளைக்கும் அதுதானே பிடிக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார். படுக்கையில் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். பேசினால் மூச்சு வாங்குகிறது, அப்புறம் சொல்லலாம் என்று நான்தான் தடுத்தேன். நல்லதுக்குத்தான் தடுத்தேன்.

அதற்கப்புறம் பதினான்கை எடுத்துப் போக ஆள் இல்லை. புரட்டாசி வரும். பதின்மூன்றை முடிப்பேன், பதினைந்தை எடுப்பேன். போட்டதுமே சங்கத்துக் கம்ப்யூட்டர் எல்லாப் படத்தையும் பொடிப் பொடியாகத் திரை நிறையக் கொட்டிவிடும். கட்டம் மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்ல முடியாது, முகங்கள் தாமாக வந்து நிற்கும். மற்ற சிடிகளில் எனக்குப் பயமில்லை. அவை எங்கள் ஊரில் ஒதுங்கியவை அல்ல. பதினான்கு மட்டும்தான் முகத்துவாரம். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நான் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகாதா? அதனால்தான் பார்க்கவில்லை. வேறொன்றும் இல்லை.

சொல்லும்போது எனக்கே கேட்கிறது, தம்பி. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டாம்.

மஞ்சளில் பிடித்திருந்தால் ஒன்றும் போயிருக்காது. அரை மணி நேரம், ஒரு புது சிடி. ஆறாம் எண்ணுக்குச் செய்தேன், பத்தொன்பதுக்குச் செய்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்தப் பெண்ணின் பத்திரிகை அச்சாகாமல் கிடக்கிறது. தாய் ஓடிப்போனவளா செத்தவளா என்று தெரியாமல் அவள் மணவறையில் உட்கார வேண்டும். கீழே இருக்கிற மனுஷன் பெண்டாட்டியை வைவதா அழுவதா என்று தெரியாமல் சாக வேண்டும். அவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. ரயிலில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நலம் என்று எழுதியதெல்லாம் பொய் என்று அந்த டீயைக் குடித்துக்கொண்டே சொல்ல நினைத்தேன். அவரோ, நீங்கள் மட்டும் இல்லையென்றால் இந்தச் சிடியும் இருந்திருக்காதும்மா என்றார். மீதி டீயைக் குடித்து முடித்தேன்.

சத்தம் மாறுகிறதே. படிக்கிறதா?

உள்பக்கம் படிக்கிறது, உரிந்த ஓரம் வராது. சரி. எத்தனை வரும்? நாற்பது. நாற்பதா? மீதி இருபத்தொன்று யார் யார் என்று இனிமேல் யாருக்குமே தெரியாது, இல்லையா? இல்லை, நீங்கள் செய்யுங்கள். உங்கள் மேல் குறை இல்லை. வருகிறது வரட்டும்.

ஒவ்வொன்றாக வருமா? முதலில் நீங்கள் பார்த்துச் சொல்வீர்களா? அதுவே நல்லது. அவரை இப்போது கூப்பிட வேண்டாம். வலது கை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். முன்கையில் பச்சை, மூன்று எழுத்து, நாலாவது இராது. தெரிந்தால் நான் இறங்கிப்போய் அழைத்து வருகிறேன். கையைப் பிடித்து அழைத்து வருகிறேன். படியேறும்போதே என் பொய்யையும் சொல்லிவிடுகிறேன். பச்சை தெரியாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். அப்போதுதான் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இருங்கள். ஆரம்பிக்காதீர்கள். பேனா இருக்கிறதா?

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. விசாரிக்க வந்தவர்களிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அந்த வரிசையில் சேர்ந்துவிடுவாள் என்று இருந்தது.

பெண் குழந்தை. வயது ஒன்பது, பார்த்தால் ஏழுதான் மதிக்கலாம். இடது காலில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் பாதிவரை ஒட்டியிருக்கும். மேல் உதட்டில் ஓர் அம்மைத் தழும்பு, அரிசி அளவு. ஒற்றைப் பின்னல், கறுப்பு ரிப்பன். நீலப் பாவாடை, பள்ளிக்கூடத்துச் சீருடை. ஞாயிற்றுக்கிழமை எதற்குச் சீருடை என்று கேட்பீர்கள். மற்றதையெல்லாம் நான் துவைத்துப் போட்டிருந்தேன். காய்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம், இப்போதைக்கு இதைப் போட்டுக்கொண்டு போ என்றேன்.

அவ்வளவுதான். எழுதிவிட்டீர்களா?

எழுதியதை ஒருமுறை வாசியுங்கள், தம்பி. பிழை இருந்தால் சொல்கிறேன்.